தண்டை நடந்து படிக்கிறது எப்படி: பெங்களூர் கண்டோன்மென்ட்ல ஒரு நாள்

எங்க ஆயா கடைசி வரைக்கும் எம்ஜி ரோடுன்னு சொன்னதே இல்ல, பரேடுன்னுதான் சொல்லுவாங்க. சிவாஜிநகர் பக்கம் கிளம்பினா "தண்டுக்குப் போயிட்டு வரேன்"ம்பாங்க, மெஜஸ்டிக் சிக்பேட் பக்கம்னா "பேட்டைக்கு". சின்ன வயசுல அது ஏதோ பழைய பேச்சுன்னு விட்டுட்டேன், அப்புறம்தான் புரிஞ்சுது, இருநூறு வருஷ ஊர் வரலாறு அந்த மூணு வார்த்தையிலயே இருக்குன்னு. தண்டுன்னா படை, படை தங்குற இடம். கன்னடத்துலயும் அதே அர்த்தம்தான். பேட்டை கெம்பேகவுடா காலத்து ஊர், தண்டு வெள்ளைக்காரன் படைக்காக எழுந்த ஊர், நடுவுல பரேடு.

இந்த தண்டை ஒரு நாள்ல எப்படி நடந்து பாக்குறதுன்னு எழுதுறேன். சும்மா பழைய கட்டடம் முன்னாடி நின்னு போட்டோ எடுக்குறதுக்கு இல்ல, அந்த இடம் எதுக்காக அங்க இருக்கு, அப்ப அங்க யார் இருந்தாங்க, இப்ப அது என்னவா மாறியிருக்குன்னு படிக்கிறதுக்கு. இந்த முறை தெரிஞ்சுட்டா பரங்கிமலை, பல்லாவரம், வெலிங்டன்னு எந்த கண்டோன்மென்ட்டுக்குப் போனாலும் இதே கணக்குல படிக்கலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியது

1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்ததும் கம்பெனி படை அங்கேயே தங்குச்சு. ஆனா காவேரி நடுவுல தீவு மாதிரி இருக்குற ஊர், கொசு, காய்ச்சல், சண்டையில செத்ததை விட ஜுரத்துல செத்தவங்க நிறைய. அதனால மேட்டுல குளிர்ச்சியான இடம் பாத்து பெங்களூருக்கு வந்தாங்க. இங்க கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், அல்சூர் ஏரியில தண்ணி, பேட்டையை விட்டுத் தள்ளி காலி நிலம். 1809ல கண்டோன்மென்ட் நிலைச்சுது. அந்தப் படை மெட்ராஸ் ஆர்மி, இதை மறந்துடாதீங்க. மெட்ராஸ் படைன்னா சிப்பாய்ல இருந்து சமையல்காரர், துணி வெளுக்கிறவர், கொத்தனார், மாட்டுவண்டி ஓட்டுறவர் வரைக்கும் ஆற்காடு, வேலூர், சேலம், செங்கல்பட்டு பக்கத்து ஆளுங்க கூடவே வந்தாங்க. தண்டுல இன்னிக்கும் தமிழ் கேக்குதுன்னா முக்கியமான காரணம் அதுதான்.

இன்னொரு தேதி 1881. அந்த வருஷம் மைசூர் ராஜ்யத்தை உடையார் கிட்டயே திருப்பிக் கொடுத்தாங்க, ஆனா தண்டை மட்டும் கொடுக்கல, சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்னு பேர் வெச்சு தன் கையிலயே வெச்சுக்கிட்டாங்க. ஒரே ஊருக்குள்ள ரெண்டு நிர்வாகம், ரெண்டு முனிசிபாலிட்டி. 1947ல தான் இது மைசூர் கைக்கு வந்துச்சு, 1949ல ரெண்டு முனிசிபாலிட்டியும் ஒண்ணாச்சு. கப்பன் பார்க்கை இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல வரப்பு மாதிரின்னு நினைச்சுக்கோங்க, மேற்கே பேட்டை, கிழக்கே தண்டு.

இன்னொண்ணு, கண்டோன்மென்ட்னு பேர் இருக்கே தவிர பெங்களூர்ல இப்ப கண்டோன்மென்ட் போர்டு, அதாவது ராணுவப் பகுதியை நிர்வாகம் பண்ற அமைப்பு, கிடையாது, கர்நாடகாவுல அது பெலகாவியில மட்டும்தான். இங்க நிலம் துண்டு துண்டா இருக்கும், ஒரு காம்பவுண்டு ராணுவத்தோடது, அடுத்தது கார்ப்பரேஷன், அதுக்கு அடுத்தது ஒரு மால். இது தெரியாம நடந்தா எங்க நிக்கிறோம்னே புரியாது.

படிக்கிற முறை

எந்த தண்டுக்குப் போனாலும் முதல்ல பரேடு கிரவுண்டைக் கண்டுபிடிங்க. அதைச் சுத்தி ராணுவ லைன் (சிப்பாய்ங்க தங்குற வரிசை வீடுங்க), அதை ஒட்டி சர்ச், அதுக்கு வெளியே அதிகாரிங்க பங்களா, இது எல்லாத்துக்கும் பின்னாடி பஜார். தண்ணிக்கு ஏரி, சாவுக்குக் கல்லறை. இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. பெரும்பாலான ஹெரிட்டேஜ் வாக் பரேடு கிரவுண்டுல ஆரம்பிச்சு பங்களாவோட முடிஞ்சிடுது, அது எனக்கு ரொம்ப நாளா மனசுல குத்துற விஷயம். ஒரு ரெஜிமெண்ட்டுக்கு தினமும் ரொட்டி சுடணும், மாட்டை அறுக்கணும், துணி துவைக்கணும், குதிரைக்குப் புல்லு வெட்டணும், இதையெல்லாம் செஞ்ச ஜனம் பஜார்ல இருந்துச்சு, அதனால பாதி நேரத்தையாவது பஜாருக்கு வெச்சுக்கோங்க.

ரோட்டுப் பேரை விடாம படிங்க. இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு, பிரிகேட் ரோடு, மெயின் கார்டு கிராஸ் ரோடு, கமிசேரியட் ஸ்ட்ரீட்னு ஒவ்வொண்ணும் யார் எங்க இருந்தாங்கன்னு சொல்லிடும். கமிசேரியட்னா படைக்கு சாப்பாடு, சாமான் சப்ளை பண்ற டிபார்ட்மெண்ட். பழைய கேவல்ரி ரோடு, அதாவது குதிரைப்படை ரோடு, இப்ப காமராஜ் ரோடு. குதிரைப்படை பேர் போய் விருதுநகர்க்காரர் பேர் வந்த அந்த ரோட்டுல நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

நடை

ஞாயித்துக்கிழமை காலைல சீக்கிரமா டிரினிட்டி மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்குங்க. மொத்தம் ஆறேழு கிலோமீட்டர் நடை வரும், நடுநடுவுல ஆட்டோ பிடிச்சா தப்பு இல்ல. தண்ணி பாட்டில், தொப்பி, ஒரு நோட்டு, பேனா. வழியில ராணுவ கேட்டு, காம்பவுண்டு சுவர், சென்ட்ரி நிக்கிற இடம், இதையெல்லாம் போட்டோ எடுக்காதீங்க, போர்டு இல்லன்னாலும் எடுக்காதீங்க. கேமராவை உள்ள வெச்சுட்டு கண்ணால பாருங்க.

முதல்ல ஹோலி டிரினிட்டி சர்ச். 1850கள் ஆரம்பத்துல வெள்ளைக்கார சிப்பாய்ங்களுக்காக கட்டினது. எம்ஜி ரோட்டோட இந்தக் கோடியில இது, அந்தக் கோடியில செயின்ட் மார்க்ஸ் கதீட்ரல். அது இதை விட பழசு, 1808ல ஆரம்பிச்சு 1816ல அபிஷேகம் ஆனது, கட்டடம் அப்புறம் மாறியிருக்கு. ரெண்டு சர்ச்சுக்கும் நடுவுல நேர்கோடு மாதிரி ஓடுற ரோடுதான் பழைய சவுத் பரேடு, 1948ல மகாத்மா காந்தி ரோடு ஆச்சு. ஆராதனை முடிஞ்சு ஜனங்க வெளிய வர்ற வரைக்கும் காத்திருந்து, அங்க இருக்குறவங்க கிட்ட அனுமதி கேட்டுட்டு உள்ள போங்க, சுவத்துல பதிச்சிருக்கிற கல்வெட்டுகளை நிதானமா படிங்க. பேரை மட்டும் படிக்காம வயசைப் பாருங்க, எதுல செத்தாங்கன்னு பாருங்க, எந்த ஊர்ல செத்தாங்கன்னு பாருங்க. நோட்டுல குறிச்சு வெச்சா ஒரு படை எங்கெங்க போச்சுங்கிறது தானா தெரிய வரும். அதே நேரம் அந்தச் சுவத்துல யார் பேர் இல்லன்னும் பாருங்க. அந்த சர்ச்சுக்கு கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவங்க பேர் எங்கேயும் இல்ல. எங்க கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டுல இருந்து கொத்தனாரா வந்து அப்புறம் சாப்பர்ஸ்ல, அதாவது ராணுவ இன்ஜினியர் படையில, சேர்ந்தவர், அதனால நான் அங்க கல்வெட்டை விட சுவரைத்தான் ரொம்ப நேரம் பாப்பேன்.

அங்க இருந்து மேற்கே நடங்க. இடது கை பக்கம் மேயோ ஹால் வரும். அந்தமான்ல 1872ல குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பேர்ல 1883ல கட்டினது, தண்டு முனிசிபல் ஆபீஸ் அங்கதான் இருந்துச்சு. இப்ப அங்க கோர்ட்டு, கூடவே கெம்பேகவுடா மியூசியம். பேட்டையை உண்டாக்கினவருக்கு தண்டோட நகராட்சிக் கட்டடத்துல மியூசியம்! கட்டடம் மறுபடி பயன்படுறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இங்க இல்ல, இடிக்கல, பூட்டியும் வைக்கல, ஜனம் தினமும் ஏறி இறங்குது.

எம்ஜி ரோடு மெட்ரோ வந்ததும் அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்க. இப்ப ஸ்டேஷன் இருக்குற இடத்துல முன்னாடி பிளாசா தியேட்டர், 1936ல வந்தது. ரோட்டோரமா மரமும் நடைபாதையும் இருந்த இடத்துல இப்ப தூணுக்கு அடியில ரங்கோலி ஆர்ட் சென்டர். மெட்ரோ இந்தப் பக்கம் 2011 அக்டோபர்ல ஓட ஆரம்பிச்சுது. போனது போச்சு, அந்த மர நிழல் திரும்ப வராது, ஆனா ரங்கோலியில பசங்க படம் வரைஞ்சு மாட்டியிருக்கிறதைப் பாத்தா அந்த இடத்தை முழுசா இழந்துடலன்னு தோணும். பக்கத்துல ஹிக்கின்பாதம்ஸ் 1905ல இருந்து நிக்குது, நம்ம மவுண்ட் ரோடு கடையோட கிளைதான், பாத்துட்டுப் போங்க.

எதிர்ப்பக்கம் மானெக்‌ஷா பரேடு கிரவுண்டு. இதுதான் நடு. சுதந்திர தினம், குடியரசு தினம்னா மாநில அரசு விழா இங்கதான் நடக்குது, மத்த நாள்ல உள்ள விடமாட்டாங்க, வெளிய நின்னு அளவை மட்டும் மனசுல வாங்கிக்கோங்க. காமராஜ் ரோட்டுல திரும்பி வடக்கே நடக்கும்போது இடது பக்கமா இந்த மைதானம் கூடவே வரும். ஊருக்கு நடுவுல இவ்ளோ வெட்டவெளி எப்படி மிஞ்சுச்சுன்னா ராணுவ நிலமா இருந்ததாலதான் மிஞ்சுச்சு. பொதுஜனம் உள்ள போக முடியலங்கிறது குறைதான், ஆனா அது சிவில் நிலமா இருந்திருந்தா இன்னிக்கு அங்க என்ன நின்னிருக்கும்னு யோசிச்சா அந்தக் குறையை நான் ஏத்துக்குறேன்.

பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேர்ற இடத்துல ஒரு போர் நினைவுத்தூண் இருக்கு, நேரம் இருந்தா ஒரு நடை போயிட்டு வாங்க. மெட்ராஸ் பயனியர்ஸ் ரெஜிமெண்டோட நினைவுக்கு வெச்சது. ரோடு போடுறது, வழி திறக்குறது இதுதான் அவங்க வேலை, 1933ல அந்தப் படையையே கலைச்சுட்டாங்க. டிராஃபிக் நடுவுல நிக்குறதால தினமும் லட்சம் பேர் தாண்டிப் போறாங்க, யாரும் நிமிர்ந்து பாக்குறதில்ல. அதே ரெசிடென்சி ரோட்டுல பெங்களூர் கிளப், சர்ச்சில் 13 ரூபா பாக்கி வெச்சுட்டுப் போன கதை எல்லாருக்கும் தெரியும், மெம்பர் இல்லாம உள்ள போக முடியாது, விட்டுடலாம்.

பஜார்

காமராஜ் ரோட்டுல நேரா வடக்கே போனா கமர்ஷியல் ஸ்ட்ரீட், அதைத் தாண்டினா சிவாஜிநகர், பழைய பேர் பிளாக்பள்ளி. இங்க வந்ததும் நடையை மெதுவாக்குங்க, ஏன்னா விஷயம் இங்கதான் இருக்கு. பரேடு பக்கம் ரோடு எல்லாம் அளந்து போட்ட மாதிரி நேரா இருக்கும், இங்க வந்ததும் சந்து சந்தா நெருங்கிடும், கடைக்கு மேல வீடு, வீட்டுக்குப் பின்னாடி பட்டறை. திட்டம் போட்டவன் படைக்குத்தான் போட்டான், படைக்கு வேலை செஞ்சவங்களுக்குப் போடல. அந்த வித்தியாசம் இன்னிக்கும் காலுக்குத் தெரியும். 1898ல பிளேக் வந்தப்ப இந்த நெருக்கத்துல கொத்துக் கொத்தா செத்தாங்க, அதுக்கு அப்புறம்தான் ஃபிரேசர் டவுன் மாதிரி புது லேஅவுட்டுகள், அகலமான ரோடு, வீட்டுக்குப் பின்னாடி கழிவு எடுக்குற சந்துன்னு யோசிச்சுப் போட்டாங்க.

செயின்ட் மேரீஸ் பசிலிக்கா 1882ல எழுந்தது, ஆனா அங்க சபை உண்டானது அதுக்கு ரொம்ப முன்னாடி, செஞ்சிப் பக்கத்துல இருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவங்களால. ஆகஸ்ட் 29 கொடியேத்தம், செப்டம்பர் 8 தேர். அந்த பத்து நாள் காவி உடுத்திக்கிட்டு வர்ற கூட்டத்தைப் பாத்தா வேளாங்கண்ணிதான் ஞாபகம் வரும், அதுல கிறிஸ்தவங்க மட்டும் இல்ல. தமிழ்ல பூசை உண்டு. பக்கத்துலயே தண்டு மாரியம்மன் கோயில், பேரிலேயே படை இருக்கு பாருங்க. கோயம்புத்தூர்லயும் இதே பேர்ல கோயில் இருக்கு. எங்க ஆயா சொன்ன அந்த வார்த்தை பெரிய எழுத்துல போர்டுல நிக்குறதைப் பாக்கணும்னா இங்க வாங்க.

ரஸ்ஸல் மார்க்கெட் 1927ல கட்டி 1933ல திறந்தது, இன்னிக்கும் மார்க்கெட்டாவே இருக்கு. 2012ல தீ பிடிச்சு எரிஞ்சப்பவும் வியாபாரிங்க விட்டுப் போகல. ஒரு சாயா குடிச்சுட்டு பவுரிங் ஆஸ்பத்திரி பக்கம் போங்க, 1868ல வந்தது, கமிஷனரா இருந்த லூயின் பவுரிங் பேரு, இப்ப அதுலயே மெடிக்கல் காலேஜும் நடக்குது. ஒல்டு புவர் ஹவுஸ் ரோடுன்னு ஒரு பேர் இந்தப் பக்கம்தான் இருக்கு, ஓபிஎச் ரோடுன்னு சுருக்கிட்டதால அதுல ஒரு ஏழைகள் விடுதி ஒளிஞ்சிருக்கிறது நிறைய பேருக்குத் தெரியாது.

ரயில் விஷயம் ஒண்ணு. 1864 ஆகஸ்ட்ல முதல் ரயில் ஓடினது கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவுலதான், சிட்டி ஸ்டேஷன் எல்லாம் அப்புறம். படைக்காகப் போட்ட பாதை, ஆனா அதுல ஏறி வந்தது யாருன்னு உங்களுக்கே தெரியும், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம்னு இன்னிக்கு வரைக்கும் அதே வழியிலதான் ஜனம் வந்து போகுது.

அல்சூர்

செயின்ட் ஜான்ஸ் ரோடு வழியா ஆட்டோ பிடிச்சா அல்சூர் ஏரி. ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலை, 1991ல வெச்சு பதினெட்டு வருஷம் மூடியே இருந்து 2009 ஆகஸ்ட் 9ல திறந்தாங்க. பக்கத்துலயே தமிழ்ச் சங்கம், உள்ள நூலகம் இருக்கு. ஆற்காடு நாராயணசாமி முதலியார் ஆரம்பிச்ச ஆர்பிஏஎன்எம்ஸ் பள்ளியும் இந்தப் பக்கம்தான், 1873ல ஏழைப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது. தண்டுல வியாபாரம் பண்ணி கான்ட்ராக்டர் ஆனவர் அவர், இப்ப ஐகோர்ட்டு இருக்குற அட்டாரா கச்சேரியைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். படையை வெச்சு சம்பாதிச்ச காசு பள்ளிக்கூடமா மாறுன கதை இது, தண்டுல இந்த மாதிரி முதலியார், செட்டியார் தர்மங்கள் நிறைய, ரோட்டுப் பேர்ல கவனிச்சா கண்ணுல படும்.

ஏரிக்கு அந்தப் பக்கம் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், எம்இஜி, பழைய பேர் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். 1780ல ஆரம்பிச்ச படை, 1834ல இருந்து பெங்களூர்தான் அவங்க ஊர். அந்தப் படை ஆளுங்களை ராணுவம் முழுக்க "தம்பி"ன்னுதான் கூப்பிடுது, கூப்பிடுறவங்க பஞ்சாபியா இருந்தாலும் கூர்க்காவா இருந்தாலும் தம்பிதான். முள்வேலியை வெடிச்சுத் திறக்குற பெங்களூர் டார்பிடோவை 1912ல இங்கதான் கண்டுபிடிச்சாங்க, மெக்கிளின்டாக்னு ஒரு கேப்டன். 1944ல நார்மண்டி கரையிலயும் அதைத்தான் தூக்கிட்டுப் போனாங்க. அதே வருஷம் பிப்ரவரி 24ல இத்தாலியில, கண்ணிவெடி மேல தன் உடம்பைப் போட்டு மத்தவங்களைக் காப்பாத்தின சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படை, காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், ஜார்ஜ் கிராஸ் வாங்கின முதல் இந்தியர். உள்ள மியூசியம் இருக்கு, ஆனா முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும், கேட்டுல போய் நின்னு கேட்டா விடமாட்டாங்க.

கடைசியா அல்சூர் சோமேஸ்வரர் கோயில். தண்டு வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே இருந்த கோயில், சித்ரா பௌர்ணமிக்கு பூப்பல்லக்கு வீதி நிறைய வரும். படை வந்ததாலதான் தமிழ் வந்துச்சுன்னு யாராவது சொன்னா டொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, எழுநூறு வருஷத்துக்கு மேல பழசான தமிழ்க் கல்வெட்டு அங்க கல்லுலயே இருக்கு.

உங்க குடும்பத்தைத் தேடணும்னா

நிறைய பேர் என்கிட்ட கேக்குறது இதுதான், "எங்க தாத்தா மிலிட்டரியில இருந்தாராம், எப்படிக் கண்டுபிடிக்கிறது". முதல்ல வீட்டுல பெரியவங்க கிட்ட உக்காருங்க, வருஷம் கேக்காதீங்க, அவங்களுக்கு வருஷம் ஞாபகம் இருக்காது. எந்தத் தெருவுல இருந்தீங்க, தண்ணி எங்க பிடிச்சீங்க, எந்த சர்ச்சு எந்தக் கோயில், பென்ஷன் வாங்க எங்க போவீங்கன்னு கேளுங்க. எங்க ஆயா "லைன் வீட்டுல இருந்தோம், பியூகிள் ஊதினா அடுப்பு மூட்டுவோம்"னு சொன்ன ஒரு வரியில இருந்துதான் அவங்க எந்தப் பக்கம் இருந்தாங்கன்னு நான் கண்டுபிடிச்சேன். டிரங்கு பெட்டியில பென்ஷன் புக், மெடல் இருந்தா மெடல் விளிம்பைப் பாருங்க, பழைய மெடல் நிறையதுல ஓரமா நம்பரும் பேரும் ரெஜிமெண்டும் பொறிச்சிருக்கும், பூதக்கண்ணாடி வேணும். பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து போயிடும்.

கிறிஸ்தவக் குடும்பம்னா ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் பங்கு ரிஜிஸ்டர் இருக்கும், பங்கு ஆபீஸ்ல மரியாதையா எழுதிக் கொடுத்து காத்திருங்க. ஒரு இடத்துல எனக்கு ரெண்டு வருஷம் அலைய விட்டாங்க, மூணாவது வருஷம் வேற ஒருத்தர் வந்தார், பத்து நிமிஷத்துல எடுத்துக் கொடுத்தார், அதனால விட்டுடாதீங்க. படை மெட்ராஸ் படைங்கிறதால பழைய அரசு ஆவணம் நிறைய சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துல இருக்கு. பெங்களூர்ல மட்டும் தேடிட்டு ஒண்ணும் இல்லன்னு நிறைய பேர் நிறுத்திடுறாங்க.

ரெண்டு உலகப் போர்ல இறந்தவர்னா காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் தளத்துல இலவசமா தேடலாம். பல பேருக்கு அப்பா பேர், ஊர், தாலுகா வரைக்கும் போட்டிருக்கும். பேரை நம்ம எழுதுற மாதிரி தேடினா கிடைக்காது, முனுசாமியை மூணு நாலு விதமா எழுதியிருப்பான், ஒரு எழுத்தை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. பேர்ல கிடைக்கலன்னா ரெஜிமெண்ட் இடத்துல மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்னு போட்டு லிஸ்ட்டை எடுத்து ஊர் பேரை வெச்சு சலிச்சுப் பாருங்க, நான் எங்க கொள்ளுத்தாத்தா தம்பியை அப்படித்தான் பிடிச்சேன். கிடைச்ச சர்வீஸ் நம்பரை ரிஜிஸ்டர்ல என்ன ஸ்பெல்லிங்ல இருக்கோ அப்படியே, திருத்தாம எழுதி வெச்சுக்கோங்க, அடுத்த ஆபீஸ்ல அவங்க தேடப்போறது அந்த ஸ்பெல்லிங்கைத்தான்.